பழைய ஃபைபர் மோட்டார் படகை நாமே சீரமைக்க முடியுமா? ரெசின் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் உள்ள உங்கள் மாந்தோப்பில் 16 அடி நீளமுள்ள பழைய ஃபைபர் மோட்டார் படகு ஒன்று இருப்பதாகவும், மூடப்பட்ட ஒரு விடுதியிலிருந்து அதைக் குறைந்த விலைக்கு வாங்கியதாகவும், வாங்குவதற்கு முன்பே அது சில ஆண்டுகள் மேல்மூடி எதுவும் இல்லாமல் புளியமரத்தடியில் கிடந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். எத்தனை கிலோ ரெசின் (கண்ணாடி இழையோடு சேர்ந்து இறுகும் பிசின்) வேண்டும், எந்த பெயிண்ட் நிற்கும், பட்டறைக்குக் கொடுக்காமல் நாமே செய்துவிட முடியுமா என்ற மூன்றும் உங்கள் கேள்விகள். மூன்றுக்கும் என்னால் இயன்ற விடையைச் சொல்கிறேன். ஆனால் அவற்றுக்கு முன்னால், இந்தப் படகு உங்கள் பணத்தையும் உழைப்பையும் தாங்குகிற நிலையில் இருக்கிறதா என்பதே உண்மையான கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கு விடை தெரியாமல் ரெசின் கணக்கே போட முடியாது. ஆகவே அங்கிருந்து தொடங்குகிறேன்.

ஓசூர் சிப்காட் பகுதியில் எஃப்.ஆர்.பி., அதாவது கண்ணாடி இழையால் வலுவூட்டிய பிளாஸ்டிக், வார்ப்பு வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். தண்ணீர்த் தொட்டி, இயந்திர மூடி, ரசாயனக் குழாய் என்று தொடங்கி, பின்னர் ஏரிப் படகுகளைப் பழுதுபார்ப்பதில்தான் என் நேரத்தின் பெரும்பகுதி போயிற்று. அந்தப் பழக்கத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. பழைய ஃபைபர் படகில் கண்ணாடி இழையும் ரெசினும் சேர்ந்த ஓடு பெரும்பாலும் கெடுவதில்லை. அதற்குள்ளே வைத்து மூடப்பட்ட மரம்தான் கெடுகிறது. வெளியே நிறம் மங்கி, தொட்டால் கையில் வெள்ளைப் பொடி ஒட்டும் படகு உள்ளே கல்லைப் போல உறுதியாக இருப்பதும் உண்டு. புதிதாக பெயிண்ட் அடித்துப் பளபளக்கும் படகு உள்ளே முழுவதும் மக்கிப் போயிருப்பதும் உண்டு. கடலில் ஓடிய படகைவிட நன்னீரில் ஓடி, மழைநீர் தேங்கிக் கிடந்த படகின் மரமே சீக்கிரம் அழுகும். ஏனென்றால் மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு உப்புநீர் ஒத்துவராது, மழைநீர் நன்றாக ஒத்துவரும். புளியமரத்து இலைகள் வடிகால் துளையை அடைத்து, ஐப்பசி கார்த்திகை மழை உள்ளே நின்றிருக்கும் என்பதால், உங்கள் படகில் நான் முதலில் சந்தேகப்படுவது அந்த மரத்தைத்தான்.

இவ்வளவு நீளமுள்ள பெரும்பாலான பழைய படகுகளில் மரம் மூன்று இடங்களில் இருக்கும். எஞ்சின் மாட்டப்படும் பின்பலகை, அதாவது டிரான்ஸம், ப்ளைவுட்டை நடுவில் வைத்து இருபுறமும் ஃபைபர் போர்த்தியது. தளத்துக்கு அடியில் முன்னிருந்து பின்னாக ஓடும் நீளக் கட்டைகளை ஸ்ட்ரிங்கர் என்பார்கள். அடிப்பகுதி வளையாமல் காப்பவை அவை. மூன்றாவது, நாம் காலை வைத்து நிற்கும் தளப்பலகை. தளம் கெட்டிருப்பதை மிதித்தாலே கண்டுபிடித்துவிடலாம். மற்ற இரண்டும் தங்களைக் காட்டிக்கொள்ளாது. எஞ்சின் மாட்டியிருக்கும்போதே அதன் அடிக்காலை, புரொப்பல்லருக்கு மேலே பிடித்து, மேலும் கீழும் அழுத்திப் பாருங்கள். பின்பலகை எஞ்சினோடு சேர்ந்து அசைந்தாலும், அது உடலோடு சேரும் மூலைகளில் முடிக்கோடு போன்ற விரிசல் திறந்து மூடினாலும், உள்ளே மரம் போய்விட்டது என்று கொள்ளலாம். அடுத்து, திருப்புளியின் பிளாஸ்டிக் பிடியால் ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் ஒலி கூர்மையாகத் தெறிக்கும். ஓடும் மரமும் பிரிந்த இடத்திலும் மரம் ஊறிய இடத்திலும் ஒலி மந்தமாக விழும். ஒலி மாறும் எல்லையைச் சாக்பீஸால் வரைந்துகொண்டே போனால் கெட்ட பரப்பின் வடிவம் கண்முன் வந்துவிடும்.

தட்டிப் பார்ப்பது சந்தேகத்தைத்தான் தரும், தீர்ப்பைத் தராது. தீர்ப்புக்குத் துளையிட வேண்டும். 6 மில்லிமீட்டர் டிரில் பிட்டில் ஆழக் குறிக்காக டேப் சுற்றிக்கொண்டு, பின்பலகையின் உட்புறத்திலிருந்து, வெளித்தோலைத் தொடாமல், தாழ்வான இடங்களில் நான்கைந்து துளைகள் போடுங்கள். வடிகால் துளையைச் சுற்றியும், எஞ்சின் போல்ட்டுகளுக்கு அடியிலும், இரண்டு கீழ் மூலைகளிலும் கட்டாயம் ஒவ்வொன்று இருக்கட்டும். முதலில் வெள்ளையான கண்ணாடித் தூள் வரும்; பிட் மரத்துக்குள் போனதும் வருவதை உள்ளங்கையில் பிடித்துப் பாருங்கள். வெளிர் மஞ்சள் நிறத்தில் உலர்ந்து சுருண்ட சீவல் வந்தால் அந்த இடம் நலம். கருத்த பழுப்பு நிறத்தில், ஈரமான காப்பித்தூள் போல விரலில் அப்பிக்கொண்டு, புளித்த வாடை அடித்தால் அந்த மரம் முடிந்துவிட்டது. சில துளைகளிலிருந்து தண்ணீரே கசியும். ஸ்ட்ரிங்கர்களின் பக்கவாட்டிலும் அடியோரமாக இதே சோதனையைச் செய்யுங்கள். நலமாக இருந்த துளைகளை அன்றைக்கே வலுவாக ஒட்டும் ஒரு வகை ரெசினான எபாக்ஸியால் அடைத்துவிட வேண்டும். இந்தச் சோதனைக்கு ஒரு பிற்பகல் போதும். இதற்குப் பிறகு எடுக்கும் முடிவு ஊகமாக இருக்காது.

இன்னொரு சோதனைக்கு நம் ஊர் வசதியானது. மாங்காய் லோடுக்காகக் கிருஷ்ணகிரியைச் சுற்றி எடைமேடைகள் நிறைய உண்டு. டிரெய்லரோடு படகை ஒரு முறையும் டிரெய்லரை மட்டும் ஒரு முறையும் எடை போட்டுக் குறித்து வையுங்கள். தளத்துக்கு அடியில் மிதவைக்காக ஊற்றிய ஃபோம் இருக்குமானால், அது பல ஆண்டுகளில் தண்ணீரை உறிஞ்சியிருக்கும். ஒரு கன அடி நல்ல ஃபோம் தண்ணீரில் ஏறக்குறைய 27 கிலோ எடையைத் தாங்கும். ஊறிப்போனால் தாங்குவதை விட்டுவிட்டுத் தானே சுமையாகிவிடும். உங்கள் படகின் அசல் எடை என்ன என்று தயாரிப்புத் தகட்டில் இருந்தால் ஒப்பிடலாம். இல்லாவிட்டாலும், உலர்த்துவதற்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் எவ்வளவு நீர் வெளியேறியது என்பது தெரியும். எடைமேடை 5 அல்லது 10 கிலோ வித்தியாசத்தைக் காட்டாமல் போகலாம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

வெளித்தோலைப் பற்றி நீங்கள் அனுப்பிய படங்களில் இரண்டு வகை விரிசல்கள் தெரிகின்றன. முன்பக்கம் நட்சத்திரம் போல ஒரு புள்ளியிலிருந்து பரவியிருப்பது மோதியதால் வந்தது; பெரும்பாலும் மேல்பூச்சான ஜெல்கோட்டோடு நின்றிருக்கும். பக்கவாட்டில் இணைகோடுகளாக ஓடுபவைதான் கவனிக்க வேண்டியவை, ஏனென்றால் அந்த இடம் திரும்பத் திரும்ப வளைந்திருக்கிறது என்பதற்கு அவை அடையாளம். உள்ளே தாங்கும் கட்டை பிரிந்திருக்கலாம். விரிசல் இழைக்குள் போயிருக்கிறதா என்பதைப் படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. கூர்முனையால் விரிசலின் நெடுகச் சிறு வாய்க்கால் போலச் சுரண்டிப் பாருங்கள். ஜெல்கோட்டின் ஆழத்திலேயே கோடு மறைந்துவிட்டால் அது அழகுப் பிரச்சினை மட்டுமே. கண்ணாடி இழைக்குள்ளும் கோடு தொடர்ந்தால், அங்கே தேய்த்தெடுத்துப் புது லேயர் போட வேண்டும். அடிப்புறத்தில் கொப்புளங்கள் இருந்தால் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு ஒன்றைக் குத்திப் பாருங்கள். உள்ளிருந்து காடி வாடையோடு பிசுபிசுப்பான நீர் வந்தால், நீர் ரெசினுக்குள் ஊடுருவி அதைச் சிதைத்திருக்கிறது என்று பொருள். சில கொப்புளங்கள் என்றால் திறந்து, நல்ல தண்ணீரில் பலமுறை கழுவி, நன்றாக உலர்த்தி, எபாக்ஸிப் பட்டியால் அடைக்கலாம்.

இந்தச் சோதனைகளின் முடிவில் என் பரிந்துரை இதுதான். பின்பலகை மட்டும் கெட்டிருந்தால், துணிந்து இறங்குங்கள். கைப்பழக்கம் உள்ள ஒருவர் தானே செய்யக்கூடிய வேலைதான். பின்பலகை, ஸ்ட்ரிங்கர், தளம், ஃபோம் நான்கும் போயிருந்தால், வெளி ஓடு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே முழுப் படகையும் புதிதாகக் கட்டுகிறீர்கள் என்று அர்த்தம். அதுவும் முடியும், ஆனால் விடுமுறை நாள்களில் மட்டும் செய்தால் ஓராண்டுக்கு நீளும், செலவு நல்ல நிலையில் உள்ள இன்னொரு பழைய படகின் விலையைத் தாண்டிவிடவும் கூடும். ஓட்டின் அடிப்பகுதியே முறுக்கிக்கொண்டிருந்தாலோ, அடிப்புறத்தின் நடுவில் முன்னிருந்து பின்னாக ஓடும் ஏராவின் நெடுக இழை வரை உடைந்திருந்தாலோ, அந்தப் படகை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

இறங்குவது என்று முடிவெடுத்தால், முதல் வேலை நிழலும் தாங்கலும். வெயிலில் இரண்டே இடத்தில் முட்டுக் கொடுத்த ஓடு நாளடைவில் தொய்ந்துவிடும். ஸ்ட்ரிங்கரை வெட்டியெடுத்த பிறகு ஓட்டைப் பிடித்து வைக்க உள்ளே எதுவும் இருக்காது. எனவே, எதையும் வெட்டுவதற்கு முன்பே, ஓட்டின் வளைவுக்கு ஏற்ப அறுத்த பலகைகளை நான்கைந்து இடங்களில் குறுக்கே நிறுத்தி, படகை ரசமட்டம் பார்த்து அதன்மேல் உட்காரவைக்க வேண்டும். அடிப்புறத்தில் முன்னிருந்து பின்னாக நூல் பிடித்துப் பாருங்கள். பின்பகுதியின் கடைசி நான்கைந்து அடி நேர்கோடாக இருக்க வேண்டும். அங்கே உட்குழிவோ வெளிப்புடைப்போ வந்த நிலையில் புதுக் கட்டையை ஒட்டிவிட்டால், அந்தக் கோணல் நிரந்தரமாகிவிடும், வேகமெடுக்கும்போது படகு மூக்கை அமுக்கும் அல்லது குதிக்கும். இந்தத் தாங்கலுக்குச் செலவிடும் நேரத்தைப் பலரும் வீண் என்று நினைக்கிறார்கள். என் கணக்கில் முழு வேலையிலும் மிக முக்கியமான பகுதி இதுவே. உலர்த்துவதற்கு நம் மாவட்டத்துக் கோடை உதவும். பங்குனி தொடங்கியதும் தளத்தைத் திறந்து, ஃபோமை அள்ளி, மேலே தகரக் கொட்டகை போட்டு, பக்கங்களில் காற்றோட்டம் விட்டுவைத்தால், சில வாரங்களில் ஓடு நன்றாக உலர்ந்துவிடும். தார்ப்பாயை இறுக்கிக் கட்டிவைத்தால் ஈரம் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

பழைய தளத்தையும் கட்டைகளையும் கிழித்தெறியாமல், கூடியவரை முழுத் துண்டுகளாக எடுங்கள். அவைதான் புதியவற்றுக்கு அச்சு. உயரம், இடைவெளி, எஞ்சின் உட்காரும் இடத்தின் கனம், டிரான்ஸத்தின் சாய்வு ஆகியவற்றை அளந்து, படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டிரான்ஸத்தின் உயரம் எஞ்சினின் தண்டு நீளத்தோடு ஒத்துப்போக வேண்டும். குட்டைத் தண்டுக்கு ஏறத்தாழ 15 அங்குலம், நீளத் தண்டுக்கு 20 அங்குலம். புதிய மரத்துக்கு ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் ப்ளைவுட் வாங்குங்கள். கடைகளில் வாட்டர்ப்ரூஃப் என்று சொல்லிக் கொடுப்பது பெரும்பாலும் ஐ.எஸ். 303 வகையாக இருக்கும். அது சமையலறை அலமாரிக்குப் போதும், படகுக்குப் போதாது. 19 மில்லிமீட்டர் பலகைகள் இரண்டை எபாக்ஸியால் ஒட்டி அழுத்தினால் 38 மில்லிமீட்டர் கிடைக்கும். உங்கள் பழைய கனம் எவ்வளவோ அதற்கே கொண்டுவாருங்கள். பலகையின் வெட்டு விளிம்புகளும் போல்ட் துளைகளும்தான் நீர் நுழையும் வாசல்கள் என்பதால், விளிம்புகளுக்கு நீர்த்த எபாக்ஸியை மரம் குடிக்கும்வரை பூசுங்கள். ஒவ்வொரு போல்ட் துளையையும் முதலில் பெரிதாகப் போட்டு, எபாக்ஸியால் நிரப்பி, இறுகிய பின் அதன் நடுவில் சரியான அளவுத் துளை போடுங்கள். பழைய டிரான்ஸம் அழுகியதே இப்படிச் செய்யாததால்தான் இருக்கும். மக்கிய மரத்துக்குள் ஊசியால் எபாக்ஸியை ஏற்றினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஈரமான மரத்துக்குள் அது துளையைச் சுற்றிச் சிறிது தூரத்துக்கு மேல் போகாது.

எபாக்ஸியா பாலியெஸ்டரா, எந்த ரெசின் என்பதில் உறுதியானதையும் கருத்து வேறுபாடு உள்ளதையும் பிரித்தே சொல்ல வேண்டும். உறுதியானவை இவை: எபாக்ஸி மரத்தோடும் பழைய ஃபைபரோடும் பாலியெஸ்டரைவிட வலுவாக ஒட்டும். பழைய பாலியெஸ்டர் ஓட்டின் மேல் புதுப் பாலியெஸ்டர் போட்டால், அது சொரசொரப்பைப் பற்றிக்கொண்டுதான் நிற்கும். ஆகவே 40 எண் உப்புத்தாள் தட்டால் தேய்க்காத பளபளப்பான இடத்தில் அது பின்னாளில் உரிந்து வரும். இறுகிய எபாக்ஸியின் மேல் பாலியெஸ்டர் ஜெல்கோட் சரியாகப் பிடிக்காது, எனவே எபாக்ஸியில் செய்த இடத்துக்கு பெயிண்ட்தான் அடிக்க வேண்டும். கருத்து வேறுபாடு உள்ளது, முழு வேலையையும் எபாக்ஸியில் செய்ய வேண்டுமா என்பதில். தொழிலில் உள்ளவர்களில் ஒரு சாரார், தொழிற்சாலையில் கட்டப்பட்டதே பாலியெஸ்டரில்தானே, அதே போதும் என்பார்கள். இன்னொரு சாரார் எபாக்ஸியைத் தவிர வேறெதையும் தொடமாட்டார்கள். மரத்தை ஓட்டோடு ஒட்டுவதற்கும் உள்மூலைகளை வளைவாக நிரப்புவதற்கும் சிலிகாப் பொடி கலந்த எபாக்ஸி, பரந்த தளத்துக்கு ஐசோ வகைப் பாலியெஸ்டர் என்று பிரித்துச் செய்வதே என் வழக்கம். செலவும் கட்டுக்குள் நிற்கும். தண்ணீர்த் தொட்டிக்கு வாங்கும் ஜி.பி. என்ற பொதுவகைப் பாலியெஸ்டர் ரெசினைவிட ஐசோ ரெசின் நீரை நன்றாகத் தாங்கும். அதேபோல, ஓட்டையை அடைக்கும்போது கண்ணாடி இழை விரிப்பான மேட்டில் பெரிய துண்டை முதலில் போடுவதா, சிறியதை முதலில் போடுவதா என்பதிலும் தொழிலாளர்களிடையே பழைய வாதம் உண்டு. பெரியதை முதலில் போட்டால், தேய்த்த பரப்பு முழுவதையும் ஒரே துண்டு பற்றிக்கொள்ளும், பின்னர் மேலே மட்டம் தேய்க்கும்போது அந்த இழை அறுபடாது என்பதால் நான் அதையே செய்கிறேன். எதைச் செய்தாலும், ஓட்டின் கனத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சுற்றிலும் சரிவாகத் தேய்ப்பது அவசியம். 5 மில்லிமீட்டர் கனத்துக்கு 60 மில்லிமீட்டர் சரிவு.

ரெசின் கலக்கும் இடத்தில் ஒரு எச்சரிக்கையை மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன். நம் ஊர்க் கடைகளில் ரெசின், இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட், ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட் என்று மூன்று தனித்தனியாகக் கொடுப்பார்கள். கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் நேரடியாக ஒன்றோடொன்று சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட்டை ரெசினில் ஊற்றி முழுவதும் கலக்கிய பிறகுதான் கேட்டலிஸ்ட்டைத் தொட வேண்டும். இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்கக் கூடாது, ஒரே அளவுக் குவளையால் ஊற்றக் கூடாது. கோபால்ட் கலந்தே விற்கும் ரெசின் கிடைத்தால் அதையே வாங்குங்கள். கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை போகக்கூடும். பக்கமும் மூடிய கண்ணாடி இல்லாமல் அந்தப் புட்டியைத் திறக்காதீர்கள். பட்டுவிட்டால் பதினைந்து நிமிடமாவது தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்து, உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும். அளவு, ரெசின் எடையில் 1 முதல் 2 விழுக்காடு. சித்திரை, வைகாசி வெயிலில் ரெசின் சட்டென்று இறுகுகிறதே என்று கேட்டலிஸ்ட்டை 1 விழுக்காட்டுக்குக் கீழே குறைத்தால், அது முழுமையாக இறுகாமல் என்றும் மெத்தென்றே நின்றுவிடும். அளவைக் குறைப்பதற்குப் பதில், விடியற்காலையில் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். அதற்கு எதிராக, ஓசூர் பக்கம் மார்கழிக் காலையில் 15 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். அப்போது வெயில் ஏறிய பிறகே தொடங்க வேண்டும். ஒரு கிலோவுக்கு மேல் ஒரே வாளியில் கலக்காதீர்கள். கலந்தது வாளியிலேயே நின்றால் தானாகச் சூடேறிப் புகையத் தொடங்கும். ரெசின் ஆவிக்குக் கார்பன் வடிகட்டி பொருத்திய முகமூடி வேண்டும். தூசிக்கு அணியும் துணி முகமூடி ஆவியைத் தடுக்காது. தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் தூளுக்குத் தூசி வடிகட்டியும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம்.

இனி நீங்கள் கேட்ட கிலோ கணக்கு. 450 கிராம் மேட் ஒரு சதுர மீட்டருக்குக் கையால் போடும்போது ஏறக்குறைய ஒரு கிலோ ரெசின் குடிக்கும். அப்படிப் போட்ட ஒரு லேயர் சுமார் ஒரு மில்லிமீட்டர் கனம் தரும். உங்கள் படகின் தளம் முன்பக்கம் குறுகுவதைக் கழித்தால் 5 சதுர மீட்டர் இருக்கும். மேலே இரண்டு லேயர், அடியில் ஒன்று என்றால் 15 கிலோ. இரண்டு ஸ்ட்ரிங்கர்களின் பக்கங்கள், மேல்முகம், ஓட்டின் மேல் படியும் ஓரங்கள் எல்லாம் சேர்த்து 4 சதுர மீட்டர், மூன்று லேயருக்கு 12 கிலோ. டிரான்ஸத்தின் உட்புறம் ஓரங்களோடு ஒன்றே கால் சதுர மீட்டர், நான்கு லேயருக்கு 5 கிலோ. ஆக 32 கிலோ. வாளியில் இறுகி வீணாவதையும் சேர்த்தால் 35 முதல் 40 கிலோ. மேட் 15 கிலோவுக்குக் குறையாமல் வேண்டும். இது உள்ளே எல்லாமே கெட்டிருந்தால் வரும் கணக்கு. பின்பலகை மட்டும் என்றால் இதில் ஒரு சிறு பங்கே தேவைப்படும். ரெசின் வெயில் காலத்தில் கடை அலமாரியிலேயே கெட்டிப்படும் பொருள் என்பதால், முழுவதையும் ஒரே நாளில் வாங்காமல், அவ்வப்போது வேண்டியதை உற்பத்தித் தேதி பார்த்து வாங்குங்கள். ஓசூரில் எஃப்.ஆர்.பி. பட்டறைகளுக்கு விற்கும் கடைகளில் இது எளிதாகக் கிடைக்கும்.

பூச்சைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழைய ஜெல்கோட்டில் பொடி மட்டும் உதிர்கிறது என்றால் பெயிண்டே தேவைப்படாமல் போகலாம். பின்பக்கத்தில் ஒரு முழ அகலத்துக்குத் தண்ணீர் விட்டு 600, 800, 1000, 1500 எண் உப்புத்தாளால் வரிசையாகத் தேய்த்து, பாலிஷ் போட்டு மெழுகு பூசிப் பாருங்கள். நிறம் திரும்பினால் படகு முழுவதும் அதையே செய்யலாம். திரும்பாவிட்டால் இரு பகுதிப் பாலியூரித்தேன் பெயிண்ட்தான் நீடிக்கும். அதைத் தோப்பில் ஸ்ப்ரே செய்யாதீர்கள். அந்த பெயிண்டில் இறுகுவதற்காகக் கலக்கும் இரண்டாம் பகுதியான ஹார்டனரின் புகை சாதாரண முகமூடியைக் கடந்து நுரையீரலைப் பாதிக்கும். காருக்கு பெயிண்டிங் செய்யும், காற்று வசதியுள்ள கூடத்தில் இந்த ஒரு வேலையை மட்டும் கொடுத்துவிடலாம். அல்லது ரோலரால் மெல்லியதாகப் பூசலாம். கரும் நீலமும் கறுப்பும் அழகாகத்தான் இருக்கும். ஆனால் நம் வெயிலில் கருநிற ஓடு 60, 70 டிகிரியைத் தொட்டுவிடும். சாதாரண பாலியெஸ்டர் அந்தச் சூட்டில் இளகத் தொடங்கும். வெள்ளை அல்லது வெளிர் நிறமே போதும். துளைகளையும் இணைப்புகளையும் அடைக்கச் சிலிகோன் வேண்டாம், அது பட்ட இடத்தில் பின்னர் எந்தப் பூச்சும் ஒட்டாது; படகுக்கான பாலியூரித்தேன் சீலன்ட் வாங்குங்கள்.

எஞ்சின் என் தொழில் இல்லை. ஆகவே யாரும் பார்க்கக்கூடியதை மட்டும் சொல்கிறேன். அடிப்பெட்டியின் கியர் ஆயிலைச் சிறிது வடித்துப் பாருங்கள். பால் நிறத்தில் வந்தால் நீர் புகுந்திருக்கிறது. சிலிண்டர்களின் கம்ப்ரஷனை அளக்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கொன்று பத்து விழுக்காட்டுக்கு மேல் வேறுபட்டால் எஞ்சினுக்குப் பெரிய செலவு காத்திருக்கிறது. தண்ணீர்த் தொட்டியில் அடிப்பகுதி மூழ்காமல் ஒரு நிமிடம்கூட ஓட்டிப் பார்க்காதீர்கள், எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்ப் பம்ப்பின் ரப்பர் இறக்கை கருகிவிடும். பல ஆண்டுகள் கிடந்த எஞ்சினில் அந்த ரப்பரை மாற்றிய பிறகே கிளப்புவது நல்லது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வரும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் இருப்பதால், பழைய எரிபொருள் ரப்பர்க் குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றி, நீர் பிரிக்கும் வடிகட்டி ஒன்றையும் சேர்க்க வேண்டும். எத்தனால் நீரை இழுக்கும். எனவே டேங்கில் பெட்ரோலை மாதக்கணக்கில் விட்டுவைக்காதீர்கள்.

கடைசியாக, எங்கே ஓட்டுவது என்பதைச் செலவு செய்வதற்கு முன்பே தீர்த்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரி அணையில் ஓட்ட ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள். அணை நீர்வளத்துறையின் பொறுப்பில் உள்ளது. அங்கே மீன்பிடி உரிமையும் பரிசல்காரர்களின் பிழைப்பும் இருக்கின்றன. எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் மோட்டார் படகை இறக்கக் கூடாது. 1917ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த 2021ஆம் ஆண்டின் உள்நாட்டு நீர்க்கலங்கள் சட்டப்படி, இயந்திரத்தால் இயங்கும் கலத்துக்குப் பதிவும் ஆய்வுச் சான்றும் தேவை. விடுதியிலிருந்து வாங்கியதற்கான ரசீதும் எஞ்சின் எண்ணும் கையில் இல்லாவிட்டால் பதிவில் சிக்கல் வரும், ஆகவே அவற்றை இப்போதே கேட்டு வாங்குங்கள். ஒகேனக்கல் பக்கம் நினைக்கவே வேண்டாம். அந்தப் பாறைகளுக்கும் சுழலுக்கும் ஏற்றது பரிசல்தான். அணையிலும் கோடையில் 52 அடி முழுக் கொள்ளளவிலிருந்து நீர் இறங்கும்போது பாறைகள் மேலே வரும். ஆகாயத்தாமரை மிகுந்த இடத்தில் எஞ்சினின் குளிர்நீர்த் துளை அடைபடும். அனுமதி கிடைத்தபின் முதன்முறை இறக்கும்போது, உயிர்காப்பு உடையோடு, இடுப்பளவு நீரில் கயிற்றில் கட்டிய நிலையில் அரை மணி நேரம் விட்டுவையுங்கள். தளத்தில் அமைத்த ஆய்வு மூடியைத் திறந்து, ஸ்ட்ரிங்கர்களுக்கு இடையிலும் டிரான்ஸத்தின் அடியிலும் உலர்ந்த துணியால் ஒற்றிப் பாருங்கள். துணி நனையாமல் வந்தால், எஞ்சினைக் கிளப்பி மெதுவாக ஒரு சுற்றுப் போய்வந்து, அதே இடங்களை மறுபடியும் ஒற்றிப் பார்த்துவிட்டு, அதன் பிறகே வேகத்தைக் கூட்டுங்கள்.